கோடில்லாத பெட்டி

தாய்லாந்தின் சமுத் சாகோன் இறால் ஆலையில், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஆபீஸ்காரர் கோர்ன் கம்ப்யூட்டரில் படம் போட்டுக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு பெட்டி, வேலைக்கொரு கோடு.

தன் பெட்டிக்கு இரண்டே கோடுகள் இருப்பதைப் பார்த்ததும் பேக்கிங்கில் வேலை பார்க்கும் புய்க்கு வயிறு எரிந்தது. பக்கத்துப் பெட்டியில் கோடுகள் ஈயாக மொய்த்தன.

"சிரிலக்னு போட்டிருக்கே, யாரு சார்?"

"அடையாள அட்டையில உள்ள பேரும்மா. உங்க பேக்கிங் ஆள்தான். அதிகக் கோடு உள்ளவங்கதான் இனி மேற்பார்வை."

அந்த மினுக்கி கிப்பாகத்தான் இருக்கும். செல்லப்பெயர் சொல்லியே காலம் ஓடிவிட்டது. முழுப்பெயரை யார் கேட்டார்கள்?

"அவளா? போனைத் தேய்க்கிறதுதான் அவ வேலை. எடை, ஐஸ், பேக்கிங் எல்லாம் நான்தான் பாக்கறேன்."

கோர்ன் சிரிலக்கின் கோடுகளையெல்லாம் புய்யின் பெட்டிக்கு இழுத்துவிட்டார்.

"கோடே இல்லாத பெட்டி?"

"வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், "இன்னிக்குக் கிப் ஆட்டம் குளோஸ்டி" என்று பேக்கிங் தோழி தும்மிடம் சிரித்தாள் புய்.

"பாவம்டி, அவளை விடு. நீ சாப்பிடு" என்று தன் வறுத்த மீனில் பாதியைப் பிய்த்து வைத்தாள் தும்.

ஒலிபெருக்கி கரகரத்தது: "சிரிலக், ஆபீசுக்கு வரவும்."

புய் ஆசையாகத் திரும்பிப் பார்த்தாள். கிப் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

பக்கத்தில் தும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"என்னைத்தான்டி கூப்பிடறாங்க. மேற்பார்வை வேலையா இருக்குமோ? மிச்ச மீனையும் நீயே தின்னு, வந்துடறேன்."