சேரன் சாருக்குக் கோபமே வராது

அந்தப் பெண் உதைத்த உதையில் நாற்காலி ஒரு பக்கமும் சேரன் ஒரு பக்கமுமாகப் போய் விழுந்தார்கள். விழுந்த இடத்திலிருந்தே சேரன் புன்னகை செய்தார்.

"உன்னை யாருய்யா உக்காரச் சொன்னது? எய்ந்து நில்லு!"

"நிக்கிறேம்மா" என்று எழுந்து, மனசுக்குள் தனக்கே ஒரு மார்க் போட்டுக்கொண்டார்.

தி.நகர் ஜவுளிக்கடையில் புடவை மாடிக்கு மேனேஜர் அவர். ஒரு தடவை அவர் போட்ட சத்தத்தில், மாம்பலம் ஸ்டேஷனில் நின்றிருந்த தாம்பரம் வண்டி சிக்னல் விழாமலே கிளம்பிவிட்டது என்பார்கள். கடைப் பெண்களை அவர் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்து தொலைக்குமாம்.

அந்தக் கோபம்தான் இப்போது குறுக்கே நின்றது. ஜெனரல் மேனேஜர் பதவிக்கு ஆள் பொறுக்க, முதலாளி ஒவ்வொருவராக அடையாறில் டாக்டர் சாருலதாவிடம் அனுப்பிக்கொண்டிருந்தார். மனிதர்களின் சுபாவத்தையும் சுயக்கட்டுப்பாட்டையும் ஆராய்ச்சி செய்கிற அம்மாள்.

முதலில் போய்விட்டு வந்த வேட்டி செக்‌ஷன் ஆதில், கடைக் கேன்டீனில் ஊருக்கே கேட்கிற மாதிரி புலம்பித் தீர்த்தான். "உக்காரச் சொல்லிட்டு டாக்டரம்மா கண்ணாடிக்குப் பின்னால போயிட்டாங்க சார். எவனோ வந்து கன்னாபின்னான்னு திட்டுனான். நான் சட்டையைப் பிடிச்சிட்டேன். அப்புறம்தான் சொல்றாங்க, அவன் கோடம்பாக்கத்துத் துணை நடிகனாம்! நாம எவ்ளோ பொறுத்துக்கிறோம்னு கேமரா வச்சுப் பாக்கறாங்களாம். ஆளுக்கு ஒரு நடிகராம்."

"என்னைச் செருப்பால அடிச்சாலும் சிரிப்பேன், பாரு" என்று சேரன் அங்கேயே எல்லோர் முன்னாலும் சபதம் போட்டார்.

இதோ, சிரித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு மணி நேரமாக நிற்கிறார். முழங்கால் இரண்டும் தனித்தனியாக அழுதன. மெல்ல மேஜையில் சாய்ந்தார்.

"சாயக் கூடாது! கஸ்டமர் பாக்கறாங்கல்ல?"

"சரிம்மா. பாத்ரூம் மட்டும்..."

"ரெண்டு நிமிசம். மேல ஆச்சு, சம்பளம் கட்."

அட, நம்ம மாடியின் சட்டமெல்லாம் அப்படியே வருகிறதே என்று சேரன் அசந்துபோனார். டாக்டரம்மா தீர விசாரித்துத்தான் நடிகைக்கு வசனம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கெட்டிக்காரிதான்.

திரும்பி வந்ததும் அவள் கிட்டே வந்து நின்றாள். "முந்தாநாளு ஒர்த்தி, தலை சுத்துதுன்னு அட்டைப்பெட்டி மேல உக்காந்தா. பெட்டியை உதைச்சுத் தள்ளி, அவளை வேலைய வுட்டே தூக்கினியே, அவ பேரு இன்னா?"

"நம்பர்தாம்மா தெரியும். நாப்பத்தாறு."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கிளிசரின் இல்லாமலே அழுகிறாளே, பெரிய ஆளாக வருவாள் என்று சேரன் நினைத்துக்கொண்டார்.

"கேமராவப் பாத்து மன்னிப்புக் கேளு. கைகூப்பிக் கேளு."

பதவி கண் முன்னே வந்து போயிற்று. சேரன் கைகூப்பினார். "நாப்பத்தாறு, நான் பண்ணது பெரிய தப்பு. என்னை மன்னிச்சிடும்மா."

பளார்!

இடது கன்னத்தில் விழுந்த அறை வலது காதில் கேட்டது. சேரன் பல்லைக் கடித்தார். கடித்த பல்லோடேயே சிரித்தார். "ரொம்ப தேங்க்ஸ்மா."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து டாக்டர் சாருலதா ஓடிவந்தார். "பிரமாதம் சார்! இத்தனை வருஷ ஆராய்ச்சியில இப்படி ஒரு சுயக்கட்டுப்பாட்டை நான் பார்த்ததே இல்லை. 'சேரன் சாருக்காக வந்திருக்கேன்'னு வாசல்ல வந்து நின்னப்போ அந்தப் பொண்ணு பரம சாதுவா இருந்தா. கை நீட்டச் சொல்லி நான் சொல்லவே இல்லை, சாரி சார்."

"நடிப்புன்னா அப்படித்தான் மேடம் தத்ரூபமா இருக்கணும்." சேரன் கன்னத்தைத் தடவியபடியே, நிமிர்த்தி வைத்த நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்தார். "எனக்குக் கோபமே வராது மேடம். முதலாளிக்கு அப்படியே எழுதிடுங்க."

கதவைத் தள்ளிக்கொண்டு, பாதி கலைந்த மேக்கப்போடு ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மன்னிச்சுக்குங்க மேடம், கோடம்பாக்கத்துல ஷூட்டிங் இழுத்துடுச்சு. யாரைத் திட்டணும்?"