உப்பளக்காரியின் இரண்டு படங்கள்

புகைப்படக்காரி மரகதவல்லி தன் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை இரண்டு தாள்களில் அச்சிட்டு, ஸ்டுடியோ ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் அருகருகே மாட்டினாள். தலையில் கூடையோடு ஓர் உப்பளக்காரி. பார்க்க வருகிறவர்களிடம் ஜெயிக்கிற தாள் கண்காட்சிக்குப் போகும். தோற்றதை வெட்டி மை சோதிப்பாள்.

பளபளப்புத் தாளுக்கு முதல் அதிர்ச்சி, பக்கத்தில் மாட்டியிருந்த சொரசொரப்பான பருத்தித் தாள்.

"இதுவா எனக்குப் போட்டி? என் கறுப்பைப் பார், கிணற்று ஆழம். உன்னுடையது வெறும் அடுப்புக்கரி" என்றது.

"இருக்கட்டும்" என்றது பருத்தித் தாள்.

வந்தவர்களெல்லாம் பளபளப்பின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். அதற்குத் தலைகால் புரியவில்லை. பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் கால்மணி நேரமாக நகரவே இல்லை. வலப்பக்கம் சாய்ந்தார், இடப்பக்கம் சாய்ந்தார், மூக்கு தாளில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே வந்தார்.

"பார்த்தாயா, என்னை விட்டுப் போக அவருக்கு மனசே வரவில்லை."

மரகதவல்லியும் கவனித்துவிட்டாள். "அண்ணாச்சி, அந்த அம்மா தலையில என்ன இருக்கு, சொல்லுங்க?"

"எந்த அம்மா?" என்றார் அவர், திரும்பாமலே. "மீசையில ஒரு நரைமுடிம்மா. ரொம்ப நேரமாப் பிடுங்கறேன், வரமாட்டேங்குது."

பளபளப்புத் தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்போ, மற்றவர்கள்?" என்றது.

பருத்தித் தாள் தயங்கியது. "இரண்டு பேர் பொட்டைச் சரிசெய்தார்கள். ஒருவர் பல்லைப் பார்த்தார்."

மரகதவல்லி கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தாள்.