பந்தையே கேளு

முயல்களுக்கும் தவளைகளுக்கும் கால்பந்துப் போட்டி. பந்து கிடைக்காததால், அலுங்கு ஒன்று தன் செதில் உடம்பைச் சுருட்டிக்கொண்டு பந்தாக இருக்க ஒப்புக்கொண்டது. நடுவர் கொக்கு.

கடைசி நிமிடத்தில் ஒரு முயல் உதைக்க, அலுங்கு கோட்டைத் தாண்டி உருண்டது. கொக்கு விசிலை ஊதி, கோல் இல்லை என்றது.

"யோவ், கண்ணு எங்கய்யா இருக்கு?" என்று மரத்திலிருந்து கத்தியது முயல் கட்சிக் குரங்கு. "சந்தேகமா இருந்தா பந்தையே கேளு."

அலுங்கு தலையை நீட்டி, "உள்ளதான் போனேன் சார்" என்றது.

"பந்து தலையை நீட்டினால் அது பந்து இல்லை. விதி அப்படி" என்றது கொக்கு. "பந்தே இல்லாத ஆட்டத்தில் கோல் எப்படி விழும்?"

குரங்கு சும்மா விடவில்லை. கோல் கம்பத்தில் தொங்கியபடி உண்ணாவிரதம் இருந்தது. வாழைப்பழம் மட்டும் கணக்கில் வராது. காடே அதன் பின்னால் திரண்டது. வேறு வழியில்லாமல் கொக்கு விதியை மாற்றியது: இனிமேல் பந்து சொல்வதுதான் தீர்ப்பு.

அடுத்த போட்டியில் கடைசி உதை ஒரு தவளையுடையது. கோட்டருகே உருண்டு நின்ற அலுங்கிடம் கொக்கு குனிந்து கேட்டது.

"உள்ளதான் போனேன் சார்."

முயல்கள் தோற்றன. குரங்கு மரத்தை விட்டிறங்கி மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

"யோவ், அது கண்ணை மூடிக்கிட்டுல்லய்யா உருளுது. அதப் போயி கேக்கிறியே."