சொந்தமாக இருநூறு பாட்டு

லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஒரு சின்னப் பெட்டியை மனைவியின் கையில் வைத்தார். உள்ளே, உள்ளங்கை அளவில் ஒரு மியூசிக் பிளேயர்.

"எதுக்குங்க இவ்வளவு செலவு? போன்லதான் மாசச் சந்தா கட்டிக் கேக்குறேனே?"

"சந்தாவை நிறுத்தினா ஒரு பாட்டுகூட மிஞ்சாது. இதுல இருக்கிற இருநூறும் விலைக்கு வாங்கினது, எப்பவும் உனக்கே சொந்தம். ஈரக்கையோட அமுக்குற மாதிரி பட்டன் வேணும்னு நாலு கடை ஏறி இறங்கினேன்."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தினம் நான் வர்றப்போ காதுல மாட்டிக்கிட்டுதானே சமைக்கிறே? அவ்வளவு பிடிச்சதை வாடகைக்கு வெச்சுக்கலாமா?"

சந்தாவை அவள் நிறுத்திப் பத்து மாதம் ஆகிறது. வந்ததும் அவர் அளக்க ஆரம்பிக்கும் லிஃப்ட் புராணத்துக்குப் பயந்துதான், பாட்டே ஓடாத இயர்போனைக் காதில் செருகிக்கொண்டிருந்தாள்.

"அதை விடுங்க. இன்னிக்கு வேலையில என்ன நடந்துச்சு? சொல்லுங்களேன்," என்றாள்.

"அது கிடக்கு. நீ பாட்டைக் கேளு, நான் குறுக்கே பேச மாட்டேன்," என்றவர், அவள் முகத்தையே ஆசையாகப் பார்த்தபடி சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டார்.