ஜெபக்கனி சேர்த்த வினை

ஒரே உருவத்தில் வரும் பழங்கிரேக்க வினைச்சொற்களில் தனக்காகச் செய்பவை எவை, தனக்கு நேர்பவை எவை என்று பிரித்து, அதையே ஆய்வேடாக்கி முனைவர் பட்டத்துக்குக் கொடுத்திருந்தாள் ஜெபக்கனி. வாய்மொழித் தேர்வில் அவள் ஒவ்வொன்றாக வாசிக்க, வெளியூர்த் தேர்வாளர் கச்சேரி கேட்பவர்போல் கண்மூடித் தலையாட்டினார். அவர் கையெழுத்திட்டால்தான் பட்டம். ஆனாலும் இவருக்குக் கிரேக்கம் தெரியுமா என்ற சந்தேகம் விடவில்லை. வாயில் வந்த ஓர் ஓசையை வினையாக்கி வாசித்தாள். அதற்கும் தலை ஆடியது.

"இது எந்த வகைம்மா?"

"தனக்காகச் செய்றது, சார்."

"எந்த நூல்ல வருது?"

அவள் ஆய்வேட்டைப் புரட்டினாள். பக்கத்திலிருந்த அவளுடைய நெறியாளர் முந்திக்கொண்டார். "அது வராத நூலே இல்லைங்க சார். நானே எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருக்கேன்."

தேர்வாளர் கண்ணைத் திறந்து இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு நிதானமாகப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.