பதினாலாவது புகார்

"காது கேக்காத மாதிரி நடிக்க எத்தனை நாள் பழகினே?"

ராணுவ மருத்துவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார். எதிரே நின்ற பீரங்கிப் படை வீரருக்கு அது கேட்கவில்லை. துணைக்கு வந்திருந்த மனைவிக்குக் கேட்டது.

"பத்தொன்பது வருஷம் பீரங்கி பக்கத்துல நின்னவர் சார். நடிக்கத் தெரியாது. ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க."

"மெஷின் ரிப்பேர்." அட்டையில் 'செவித்திறன் சரி' என்று எழுதி முத்திரை குத்தினார். "பிடிக்கலேன்னா மூணாம் நம்பர் அறையில போய் என் மேல எழுதிக் கொடு. நடிகர் பொண்டாட்டிக்கு வசனமா வராது? அடுத்த ஆள்."

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும், "என்ன சொன்னார்?" என்றார் கணவர்.

"உங்க காது நல்லா இருக்காம்." காதருகே குனிந்து கத்தினாள்.

"அப்படியா? எனக்கே தெரியாதே." பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "சரி விடு. பஸ்ஸைப் பிடிப்போம்."

"எப்படிங்க விடறது? அடுத்த மாசம் ஓய்வு. வேலையால போன காதுன்னு எழுதிக் கொடுத்தாதானே வைத்தியம் பார்ப்பாங்க? இல்லேன்னா ஆயுசுக்கும் நான் இப்படிக் கத்திட்டே இருக்கணும். வாங்க, டாக்டர் மேல புகார் எழுதிக் கொடுப்போம்."

"மேலதிகாரி மேல புகார் எழுதிப் பழக்கமில்லம்மா."

"உங்களுக்குத்தான் பழக்கமில்ல. எழுந்திருங்க."

மூன்றாம் நம்பர் அறையில் ஒரே ஒரு குமாஸ்தா. அவள் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"சரியா சோதிக்கலேன்னு மட்டும் எழுதியிருக்கீங்க. டாக்டர் திட்டலையாம்மா?"

"திட்டினார். அதை எழுதக் கை கூசுது."

"கூசாம எழுதுங்க. டாக்டரே எழுதி அனுப்பினா பெரிய ஆஸ்பத்திரியில எடுத்துக்க மாட்டாங்க. அவமரியாதையா பேசினார்னு புகார் வந்தாதான் மறு பரிசோதனை. விதி அப்படி."

அவள் ஒரு சொல் விடாமல் எழுதினாள். குமாஸ்தா பதிவேட்டில் எண் போட்டார்.

"இந்த வருஷம் இவர் மேல இது பதினாலாவது."

"பதிமூணு பேர் எழுதியுமா அந்த நாக்கு அடங்கல? அவங்கல்லாம் என்ன ஆனாங்க?"

"எல்லாரையும் பெரிய ஆஸ்பத்திரியில சோதிச்சாங்க. பதினோரு பேருக்கு வைத்தியம் கிடைச்சது."

"இந்த மனுஷனுக்கு?"

"ரெண்டு தடவை பதவி உயர்வு போச்சு."

"நல்லா வேணும்." கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

குமாஸ்தா அதை வாங்கிக் கோப்பில் வைத்தார்.

"வந்த புதுசுல ரெண்டு வருஷம் எல்லார்கிட்டயும் தன்மையாத்தான் பேசினார்மா. அப்ப ஒருத்தர்கூட புகார் எழுதல. ஒருத்தர் காதையும் யாரும் சோதிக்கல."