அதே நீலம்

அவன் கண்ணை எடுக்கவில்லை.

கடைக்காரர் போனைச் சூடான தகட்டின் மேல் மல்லாக்கப் போட்டிருந்தார். விரிசல் விட்ட பின்பக்கக் கண்ணாடி சூட்டில் இளகி வர வேண்டும். அதுவரை வேறு வேலை இல்லை. அவன் கடைக்காரரின் கைகளைப் பார்த்தான். மேஜை இழுப்பறையைப் பார்த்தான். மறுபடியும் கைகள்.

நல்ல பேட்டரியை உருவிக்கொண்டு ஓட்டைப் பேட்டரியைச் சொருக ஒரு நொடி போதும்.

அவனுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் தண்ணீர் ஊற்றுகிறார். பெட்ரோல் பங்கில் மீட்டரில் ஏதோ செய்கிறார்கள். கீரைக்காரம்மா கட்டுக்கு நடுவில் புல்லை வைத்துக் கட்டுகிறார். இதையெல்லாம் கண்டுபிடிப்பதற்கே அவனுக்கு நாள் போதாது.

ஈரோட்டில் இத்தனை கடை இருக்க, பஸ் ஸ்டாண்டு சந்திலிருக்கும் இந்தக் கடைக்கு வருவதற்கும் அதுதான் காரணம். இங்கே போனைத் திறந்ததும் கொண்டுவந்தவர் கையில் ஒரு மார்க்கரைக் கொடுப்பார்கள். பேட்டரி மேல் கையெழுத்துப் போடலாம். திரும்ப மூடும் முன் அந்தக் கையெழுத்தைக் காட்டுவார்கள். பொருளை மாற்ற வழியில்லை.

முன்பு தன் போனை இங்கே சரிசெய்துகொண்டு போனவன், வீட்டில் பெருமையாகச் சொன்னான். ஊரிலேயே ஏமாற்றாத கடை இது ஒன்றுதான் என்று.

இன்று கொண்டுவந்தது மனைவியின் போன்.

நேற்று அவள் குளிக்கப் போனபோது பவுச்சைக் கழற்றிப் பார்த்தான். அப்படிப் பார்ப்பது அவன் வழக்கம். பின்னால் மூலைக்கு மூலை விரிசல்.

கை தவறிவிட்டது என்றாள். பவுச் போட்டால் வெளியே தெரியவா போகிறது, அப்படியே இருக்கட்டும் என்றாள்.

அதுதான் இடித்தது.

புதுக் கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்றால் யாராவது வேண்டாம் என்பார்களா? கை தவறி விழுந்ததா, யாரோடோ பேசிச் சண்டை போட்டு வீசினாளா? அந்த யாரோவுக்கு அவன் ஒரு முகம்கூடக் கொடுத்துவிட்டான். மீசை வைத்த முகம்.

என்னவோ மறைக்கிறாள். அது மட்டும் நிச்சயம். இன்றைக்கு அது தெரிந்தாக வேண்டும்.

கண்ணாடி பெயர்ந்து வந்தது.

கடைக்காரர் மார்க்கரை எடுத்தார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"இது ஏற்கெனவே தொறந்த போனுங்கண்ணா. செகண்ட்ஸ்ல வாங்குனீங்களா?"

கருப்புப் பேட்டரி மேல் வெள்ளை மையில் ஒரு கையெழுத்து. குண்டு குண்டான எழுத்து.

கோகிலவாணி.

அவன் மனைவியின் பெயர். அவள் எழுத்தேதான்.

காது சுட்டது. மாட்டிக்கொண்டாள். இதற்குத்தான் வேண்டாம் என்றிருக்கிறாள்.

அவசரப்பட்டுக் கத்தினால் உண்மை வெளியே வராது. அது அவனுக்குத் தெரியும். ஆமாம், செகண்ட்ஸ்தான் என்று தலையாட்டினான்.

"இந்த அக்காவ நல்லா ஞாபகம் இருக்குதுங்க," என்றார் கடைக்காரர். "கிரைண்டர் மேல இருந்து விழுந்து ஒடஞ்சுபோச்சுன்னு கொண்டாந்தாங்க. இந்த நீலம் ஸ்டாக் இல்லீங்க. வேற கலர் போட்டுக்கங்கன்னா கேக்கவே இல்ல. அதே நீலம் வர்ற வரைக்கும் நடையா நடந்தாங்க. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா நிக்க வெச்சுக் கேள்வி கேப்பாருங்களாமா. கையெழுத்துப் போடறப்பக்கூட அவிங்களுக்குக் கை நடுங்குச்சு."

அவன் அந்தக் கையெழுத்தையே பார்த்தான். கோணலாகத்தான் இருந்தது.

கிரைண்டர். நீலக் கண்ணாடி. இந்தச் சந்துக்கு அவள் தனியாக நடந்த நடை. இதில் எங்கேயாவது அந்த மீசைக்காரனை நுழைக்க முடியுமா என்று முயன்று பார்த்தான். இடம் கிடைக்கவில்லை. இதிலிருந்த ஒரே ஆம்பளை அவன்தான்.

ஆனாலும் கோபம் வந்தது. மறைத்தாள் அல்லவா. இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை அல்லவா. வீட்டுக்குப் போனதும் கேட்க வேண்டியதை எல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்தத் தொடங்கினான்.

சட்டைப் பையில் அவன் போன் அடித்தது. மாடி வீட்டுக்காரர்கள் நம்பர்.

அவள்தான், இரவல் போனில். அவன் வெளியே இருக்கும்போது அவளாகக் கூப்பிடுவதே இல்லை.

"ஏனுங்க... தொறந்துட்டாங்களா?"

வேறு எதுவும் கேட்கவில்லை. வாத்தியார் பிரம்பை எடுத்துவிட்டாரா என்று கேட்கும் பிள்ளையின் குரல்.

அவன் வரிசைப்படுத்திய கேள்விகள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. முதல் கேள்விக்கு வாயையும் திறந்துவிட்டான்.

கடைக்காரர் மார்க்கரோடு காத்திருந்தார்.

"இப்பல்லாம் தொறக்கறதில்ல," என்றான். "மேல கண்ணாடிய மட்டுந்தா மாத்துவாங்களாமா."



அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. நேற்றிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு.

"சரிங்க. பாத்து வாங்க," என்றாள்.



தினமும் காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும்போதும் அவள் சொல்வது இதையேதான். அவன் தெருமுனை திரும்பியதும், கதவைச் சாத்திவிட்டு, இதே மூச்சை விடுவாளோ என்று இப்போது ஒரு சந்தேகம் வந்தது.